தொடலாம்

"தயவுசெய்து தொடாதீர்கள்."
நான் பிழையில்லாமல் ஜெர்மனில் சொல்லும்
ஒரே வாக்கியம்.
பதினோரு வருடம், நான்காம் அறை,
சென்ட் காலனில் ஓர் அருங்காட்சியகம்.

ஜனவரியில் உர்சினா வந்து
சுவர் நீளத்துக்கு ஒரு துணியை மாட்டினாள்.
பச்சை லினன். ஆயிரத்து இருநூறு இலை.
இலைக்கொரு கம்பி, தலைமுடிப் பருமன்,
நிக்கலும் டைட்டானியமும் கலந்தது.
ஐந்நூறு டிகிரி உலையில் கிடந்தபோது
சுருண்ட வடிவத்தை மனப்பாடம் செய்திருக்கிறதாம்.
கைச்சூடு பட்டால் ஒப்பிக்கும்.

"தொடச் சொல்லுங்கள்" என்றாள் என்னிடம்.
எனக்கு நாக்கு புரளவில்லை.

தொட்டாற்சுருங்கி, என்றேன்.
எழுதிக் காட்டச் சொன்னாள்.
எட்டு எழுத்தையும் ஊசி முனையால் எண்ணி
இலையைவிடப் பெயர் நீளம் என்று சிரித்தாள்.

பனியில் உருண்டுவிட்டு வந்த சிறுமி
கையுறையைப் பல்லால் கழற்றித் தொட்டாள்.
ஒன்றும் அசையவில்லை.
"அதுக்கு என்னைப் பிடிக்கல."
ரேடியேட்டரைக் காட்டினேன்.
மூன்று நிமிடம் கழித்து
ஓடிவந்து வைத்தாள் இரண்டு உள்ளங்கையையும்.
ஒரு கொத்து மூடியது.
அவளும் கண்ணை மூடிக்கொண்டாள், ஏனோ.

வியாழன்தோறும் ஹுங்கர்பியூலர் வருவார்,
உலோக ஆய்வுக்கூடம், சட்டைப்பையில் வெப்பமானி.
அவர்தான் சொன்னார்:
கம்பிக்கு மூடிக்கொள்ள மட்டுமே தெரியும்.
விரிப்பது அவள் தையல்.
ஒவ்வோர் இலையின் முதுகிலும்
நாண்போல் இழுத்துப் பிடித்த ஒரு பட்டிழை.
இறுகினால் மூடாது, தளர்ந்தால் திறக்காது.
இயந்திரத்திடம் கொடுத்துப் பார்த்தார்களாம்;
அது எல்லாவற்றுக்கும் ஒரே இழுப்பு கொடுத்தது.
ஒரே உலையில் பிறந்தும்
கம்பிகள் ஒன்றுபோல் இல்லை.
"எந்த இலைக்கு எவ்வளவு என்று
எனக்கு எண் சொல்ல மாட்டேன் என்கிறாள்"
என்றார், புகார்போல.
அவளுக்கே தெரியாது என்பது என் எண்ணம்.
விரலுக்குத் தெரியும்.

ஜூலை. அறைக்குள் முப்பத்து மூன்று டிகிரி.
நண்பகலுக்குள்
யாரும் தொடாமலே அத்தனையும் மூடிக்கொண்டது.
பழுது என்றார்கள். காசு திருப்பிக் கேட்டார்கள்.
ஆள் போனபிறகு
குளிர்ந்த தண்ணீர்ப் போத்தலைப் பிடித்திருந்த கையை
துடைத்துவிட்டு வைத்தேன், சும்மா.
கைக்கடியில் ஏதோ மூச்சு விட்டது.
எடுத்துப் பார்த்தால்
என் ஐந்து விரலும்
பச்சையாய் விரிந்திருக்கின்றன சுவரில்.

பதிவேட்டில் எழுதினேன்:
14.20. திறந்தது.
காரணம் என்ற கட்டத்தை நிரப்பவில்லை.

செப்டம்பரில் கழற்றினார்கள்.
மடிக்கும்போது சூடு படாதிருக்க
தடித்த கையுறை போட்டுக்கொண்டோம்.
அதே சுவரில் இப்போது எண்ணெய் ஓவியம்,
யாரோ பிரபுவின் குதிரை.
நேற்று ஒரு கிழவர்
அதன் பிடரியை நோக்கி விரல் நீட்டினார்.

என் வாக்கியம்
அரை நொடி பிந்தி வந்தது.