பதினேழாம் போர்ட்

சத்துவாச்சாரி. மாவு மில்லுக்கு மேல் இரண்டாம் மாடி.
ஏசி இருக்கும் ஒரே அறை சுவிட்சுகளுக்கு,
எங்களுக்கு மின்விசிறி.

எனக்கு முன்னால் இருந்த கிருபாகரன்
கேபிளைப் பின்னல் போட்ட மாதிரி கட்டுவான்.
விவரம் எழுதும் கட்டத்தில் மட்டும்
கை வராது அவனுக்கு.
இருபத்துநாலு போர்ட்டில் எழுதியது நான்கு:
இரண்டு ‘டெஸ்ட்’,
ஒன்று ‘புதுசு’,
ஒன்று ‘எடுக்காதே, கலீமுல்லாவைக் கேள்’.

எந்த கலீமுல்லா?
மேல்விசாரத்தில் தோல் மண்டி வைத்திருப்பவரா,
ஆற்காட்டில் ஜெராக்ஸ் கடைக்காரரா,
வேலையை விட்டுப் போன லைன்மேனா?
மூவரிடமும் கேட்டேன்.
எதற்கென்று தெரியாமலே
மூவரும் சொன்னார்கள்: எடுக்காதீங்க.

பதினேழுக்கு ஊரும் இல்லை, பேரும் இல்லை.
செவ்வாய்க்கிழமை பார்த்தபோது
கத்திரி வெயிலில் பாலாறு மாதிரி
வறண்ட கோடு.
காகிதப்பட்டறை ஜவுளிக்கடைக்கு
அன்றைக்கே ஒரு போர்ட் தேவைப்பட்டது.
பிடுங்கிச் செருகினேன். விளக்கு பச்சையானது.
டீ குடிக்கப் போனேன்.

வியாழன் மாலை ஆறேகால்.
ஒடுகத்தூரிலிருந்து ஒரு பெண்குரல்:
“ஸ்கேன் படம் டாக்டருக்குப் போகலீங்க.
பீஞ்சமந்தையிலிருந்து எறங்கி வந்த
புள்ளத்தாச்சி பெஞ்சுல உக்காந்திருக்கு.
ஏழு மணிக்கு கடைசி ஜீப்பு.”

ஃபைபர் அறுந்ததோ என்றேன்.
கரண்ட் இருக்கிறதா என்றேன்.
லைன்மேன் தணிகாசலத்தைக் கம்பம் ஏறச் சொன்னேன்.
நாற்பது நிமிடம் தேடினேன்,
நானே சாத்திய கதவை.

படம் போய்ச் சேர்ந்தது.
ஜீப் நின்றதா என்று
நான் கேட்கவில்லை.

அன்றிரவு மில் ஓசை அடங்கியபின்
ஒவ்வொன்றாக எழுத உட்கார்ந்தேன்.
தமிழில் அடித்தால்
கேள்விக்குறிகள் வரிசை கட்டித் திரும்பின.
இங்கிலீஷ் எழுத்தில் தமிழை அடித்தேன்:
‘ஒடுகத்தூர் ஸ்கேன். திங்கள் வியாழன் மட்டும் பேசும்.
சும்மா இருக்கிறதென்று நினைக்காதே.’
மூன்று: ‘பாகாயம் விடுதி. பரீட்சை மாதம் தொடாதே.’
ஒன்பது: ‘குடியாத்தம் லாட்ஜ் மாடி. குரங்கு கடித்தது, இரண்டு தடவை.’
இருபத்திரண்டில் யாருமில்லை.
அங்கே போய்ப் பார்த்து, தேதி போட்டு,
‘காலி’ என்று எழுத
மறுநாள் பாதி போனது.

ஜவுளிக்கடை இப்போது பதினெட்டில்.
முதலாளி இன்னும் திட்டுகிறார்.

கிருபாகரன் எழுதிய அந்த ஒன்றை
அழிக்க மனம் வரவில்லை.
‘எடுக்காதே, கலீமுல்லாவைக் கேள்’.
பக்கத்தில் மிச்சமிருந்த இடத்தில் சேர்த்தேன்:
‘கேட்டாச்சு. மூணு பேர். தெரியல.’