முன்கதைச் சுருக்கம்

திங்கட்கிழமையிலிருந்து
பதினோரு ஊர்களைக் கொளுத்திவிட்டேன்,
கோரமங்கலா ஆறாவது பிளாக், மூன்றாம் மாடியில்,
ஏசிக் குளிருக்குத் துப்பட்டாவைத் தலையோடு போர்த்திக்கொண்டு.

ஊர் எரியாவிட்டால்
ஆட்டக்காரன் ஏன் வாளெடுப்பான் என்கிறார் தேபாஞ்சன்.
திரும்பிப் போக ஓரிடம் மிச்சமிருக்கக் கூடாது.
அப்பாவைக் கொன்றுவிடு.
தங்கை இருந்தால் காணாமல் போகட்டும்,
இரண்டாம் பாகத்துக்கு ஆகும்.

சரியென்று எழுதுகிறேன்.
படையை விட்டு ஓடிவந்தவன்.
சூனியக்காரி எடுத்து வளர்த்தவள்.
அரண்மனைச் சமையலறையில் பிறந்து
பாதி அரச ரத்தத்தோடு பாத்திரம் தேய்ப்பவன்.
நினைவு தப்பிக் கரையொதுங்கியவன்:
இவன் ஒருவன்தான் எனக்குச் சகாயம்,
முன்கதையே கேட்கமாட்டான்.
ஆளுக்கு நாற்பது சொல். அதற்கு மேல் போனால்
படிக்காமலே பொத்தானை அமுக்கிவிடுகிறார்களாம்.

ஈஜிபுராவில் வீடு பார்க்கப் போன அன்று
புரோக்கர் முபாரக் படியிலேயே நிறுத்தினார்.
"தனியா இருக்கேன்னு மட்டும் சொல்லிடாதீங்க மேடம்.
வேற ஏதாவது சொல்லுங்க.
கதை எழுதுறவங்கதானே."

நாற்பது சொல்கூட ஆகவில்லை.
கணவர் கப்பலில். பெயர் செழியன்.
ஆறு மாதம் கடல், இரண்டு மாதம் கரை.
நிங்கம்மா பத்து மாத அட்வான்ஸை எண்ணி வாங்கிக்கொண்டு
சாவியைக் கொடுத்தார்.

குடிவந்த வாரமே மழை. மாடியேறி வந்தார்.
"செளியன் இருக்கிற பக்கம் புயலாமே?"
ழகரம் அவருக்கு வராது.
அவசரமாக அவனை மொம்பாசாவில் நங்கூரமிட்டேன்.
அவர் போன பிறகு
மொம்பாசாவில் மழையா என்று தேடிப் பார்த்தேன்.
இல்லை. நல்ல வெயில்.

யுகாதிக்கு ஒப்பட்டு கொண்டுவந்தவர் கேட்டார்,
அவருக்கு இனிப்பு இஷ்டமா?
ஆகாது என்றேன். ஏன் சொன்னேனோ.
அதிலிருந்து அவன் பங்கென்று
தனி டப்பாவில் நிப்பட்டு வருகிறது.
நமத்துப்போகும் முன்
நான்தான் தின்று தீர்க்கிறேன்.

முரண் வரக்கூடாதென்று அலுவலகத்தில்
அட்டவணை ஒன்று வைத்திருக்கிறோம்.
எந்த அரசன் எந்தப் போரில் எந்தக் கண்ணை இழந்தான்,
எந்த ஆறு எந்தப் பக்கம் ஓடுகிறது.
அதன் கடைசித் தாளில், யாரும் திறக்காத இடத்தில்,
செழியன்.
இடக்கைக்காரன். இனிப்பு ஆகாது.
கடலில் பயமில்லை, லிஃப்டில் உண்டு.
அக்காவோடு பேச்சில்லை. காரணம்: பிறகு.

ஆறு மாதம் முடிந்தது.
வாசலில் யாராவது பெட்டியை இறக்கினால்
நிங்கம்மா எட்டிப் பார்க்கிறார்.
(நானும்தான்.)

"கொன்னுடுங்க மேடம்" என்றார் முபாரக், போனில்.
"கடல்தானே. யார் போய் பார்க்கப் போறா."
தேபாஞ்சனும் அதையேதான் சொல்லியிருப்பார்.
பதினோரு ஊர்.
குழந்தைகள், மாடுகள், கோயில் மணி, எதற்கும்
கண் சிமிட்டியதில்லை நான்.
இந்த ஒருவனுக்குக் கை வரவில்லை.
ஒப்பந்தத்தை நீட்டித்துவிட்டார்கள் என்று சொன்னேன்.
"அந்தக் கம்பெனி நம்பரைக் கொடு,
நான் கேட்கிறேன்" என்றார் நிங்கம்மா.
கோபத்தில் கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

பன்னிரண்டாவது ஊரை அன்றிரவு கொளுத்தினேன்.
தப்பித்து வருகிறவர்கள் கடக்கும் துறைமுகத்தில்
சாக்குமூட்டைகளுக்குப் பக்கத்தில் ஒரு மாலுமியை நிறுத்தினேன்.
அவனிடம் வாளில்லை, வரைபடமில்லை,
ஆட்டக்காரனுக்குத் தர ஒரு செப்புக்காசில்லை.
கிட்டே போனால் ஒரு வரி பேசுவான்:
"மாடி வீட்டில் விளக்கு எரிகிறதா,
பார்த்தீர்களா?"

சோதித்துப் பார்க்கிற பையன் குறிப்பு அனுப்பியிருந்தான்.
துறைமுகத்து ஆள்.
எத்தனை முறை வெட்டினாலும் சாகவில்லை. பிழையா?

பிழையல்ல என்று எழுதி மூடினேன்.
ஒப்பந்தம் நீட்டிக்கப்பட்டிருக்கிறது.