மீதி

கத்திரி கழிந்து நாலு நாள்.
சூரமங்கலம் ரயில்வே காலனியில்
எதிர் வீட்டுப் பையனுக்குச் சீருடை தைத்து வந்துவிட்டது.
ஜன்னல் கம்பியில் ஹேங்கரோடு தொங்குகிறது,
உள்ளே ஆள் இல்லாததால் அடக்கமாக.

எங்கள் பள்ளிக்கூடம் கட்டிலுக்கடியில்.
வைக்கோலில் பழுக்கப் போட்ட நடுசாலை மாம்பழத்துக்கு
கரும்பலகைதான் ஏப்ரலிலிருந்து மூடி.

"லீவுல ஸ்கூல் எங்கம்மா போகும்?" என்று
ஓபேத்து கேட்டபோது குனிந்து காட்டினேன்.
மோந்து பார்த்தான்.
"பழுத்துருச்சு" என்றான்.

ஆறு பிள்ளைகள்.
எப்போது எண்ணினாலும் ஐந்துதான் வரும்;
வராத ஒன்று பெனினா,
மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் நிழலில்
நிழல் நகர நகரப் புத்தகத்தோடு நகர்கிறவள்.

லீவு முழுக்கச் சொல்லிச் சொல்லித் தள்ளிப்போட்ட ஏற்காட்டுக்குச்
செவ்வாய்க்கிழமை போனோம்.
ஜெபசிங்குக்கு அன்று ரெஸ்ட்.
இருபது கொண்டை ஊசி வளைவில்
ஏழாவதில் தீத்து வாந்தியெடுத்தான்,
ஒன்பதில் எமீமாள்,
அவளைப் பார்த்துப் பதினான்கில் கெத்சீயாள்.
மேலே ஒரே பனிமூட்டம். ஏரி இருக்க வேண்டிய இடத்தில்
ஒரு படகின் மூக்கு மட்டும் இருந்தது.
மிளகாய் பஜ்ஜி தின்று இறங்கிவிட்டோம்.
"பார்த்ததை எழுதுங்கள்" என்றதற்கு
எமீமாள் தேதி மட்டும் போட்டு
பக்கம் முழுவதையும் வெள்ளையாக விட்டிருந்தாள்.
மார்க் போடத் தெரியாமல் வைத்திருக்கிறேன்.

"ஆறையும் வீட்டுலயே வச்சுக்கிட்டு எப்படிங்க?"
தண்ணீர் லாரிக்கு நிற்கும்போது யாராவது கேட்பார்கள்.
குடத்தை நகர்த்திக்கொண்டே
"ஓடுதுங்க" என்பேன்.

போன வருஷ நோட்டுகளின் எழுதாத தாள்களைக் கிழித்து
ஏனோக்கு கோணி ஊசியால் தைக்கிறான்.
கோடு போட்டதும் போடாததும் கட்டம் போட்டதும்
ஒரே அட்டைக்குள்.
ஆளுக்கொன்று போக அரை நோட்டு மிஞ்சியது.
"இது உங்களுக்கு" என்றான்.

அவனுக்கு எப்படித் தெரியும்?

பத்தாம் வகுப்பு வரை பயமில்லாமல் வந்துவிட்டேன்.
நான் படித்தது தாவரவியல்;
பெனினா எடுத்திருப்பது இயற்பியல்.
எல்லோரும் தூங்கிய பிறகு
அடுப்பு மேடையில் அந்த அரை நோட்டை விரித்து
வெக்டர் படிக்கிறேன்.
இன்னும் ஐந்து ராத்திரி. நாலு. மூன்று.
லீவு முடியக் கூடாதென்று இந்த வீட்டில்
வேண்டிக்கொள்கிற ஒரே ஆள் நான்.

படகு குறுக்கே கடக்கிறது, நாலு.
ஆறு இழுக்கிறது, மூன்று.
ஆக மொத்தம் ஏழு என்று எழுதி
இவ்வளவுதானா என்று படுத்துவிட்டேன்.

காலையில் பால் பொங்கும்போது பார்த்தேன்.
ஏழின் மேல் அடித்தல் இல்லை.
பக்கத்தில் பென்சிலால் ஒரு படகு,
செங்குத்தாய் இரண்டு அம்புக்குறி,
சாய்வாக மூன்றாவது.
அதன் மேல் சின்னதாய் ஐந்து.
பெனினா தோசைக்குத் தட்டை நீட்டினாள்.
ஒன்று கூடுதலாக வைத்தேன்.
இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து
பலகையை வெளியே இழுத்தோம்.
தீத்து ஏப்ரலில் முடிக்காமல் விட்ட வகுத்தலில்
மாம்பால் வடிந்து காய்ந்திருந்தது.
வைக்கோலில் கடைசியாகப் பதினேழு பழம்.
ஆளுக்கு இரண்டு, மீதி ஒன்று.
அதை எட்டாகக் கீறலாம், சரி,
கொட்டை யாருக்கு?
சண்டை முற்றும்போது ஜோலார்பேட்டையிலிருந்து போன்.
"எனக்கு வை" என்றார் ஜெபசிங்.
சிக்னல் விழுந்து
கூட்ஸ் வண்டி நகர்ந்துவிட்டது.

திங்கட்கிழமை. எதிர் வீட்டுச் சீருடை
ஆளோடு வேனில் ஏறிப் போகிறது.
ஓபேத்து முன்வரிசையில், அதாவது பாயின் நுனியில்.
பெனினா கடைசியில், சுவரில் சாய்ந்து.
பலகையில் நாலு எழுதினேன்,
கூட்டல், மூன்று, சமக்குறி.

ஓபேத்து விரல்களை மடக்கத் தொடங்கினான்.
பெனினா என்னைப் பார்த்தாள்.
சாக்பீஸோடு நின்றுகொண்டிருந்தேன்,
கையெல்லாம் மாம்பழ வாசனை.