அடைப்புக்குறிக்குள்

மேசைமேல் கவிழ்ந்து கிடந்தன கேள்விச் சீட்டுகள்.
சரயேவோவில் ஜூன் மாதம்,
ஜன்னலுக்குக் கீழே மில்யாட்ஸ்கா ஆறு
பழைய தேநீர் நிறத்தில், கணுக்கால் ஆழத்தில்.
எனக்கு வந்தது பதினேழாம் எண்:
பிளவுண்ட சமூகங்களில் அதிகாரப் பகிர்வு.
எடுத்துக்காட்டுடன் விளக்குக.

பெல்ஜியம் என்று ஆரம்பித்தேன்.
எல்லாரும் பெல்ஜியம் என்றுதான் ஆரம்பிப்பார்கள்.
பெல்ஜியம் தொலைவில் இருக்கிறது,
அங்கே மழை பெய்கிறது,
அங்கே யாரும் நம் சித்தப்பாவைச் சுடவில்லை.

பேராசிரியர் மெவ்லிதா செர்ரி தின்றுகொண்டிருந்தார்.
காப்பித் தட்டில் கொட்டைகள்.
"பெல்ஜியம் சரி. அப்புறம்?"
லெபனான் என்றேன்.
"அப்புறம்? பக்கத்தில் இன்னொரு நாடு இருக்கிறதே,
ஜன்னலைத் திறந்தால் தெரியும்."

தெரியும்.
இரண்டாம் ஆண்டில் அதைப் பாடமாக வைத்திருக்கிறார்கள்,
நம் வீட்டுச் சாக்கடையை நாமே வரைபடத்தில் பார்ப்பதுபோல.
எங்கள் அரசமைப்பு ஓர் உடன்படிக்கையின் நான்காம் இணைப்பு.
வாடகைப் பத்திரத்தின் பின்பக்கம்
மின்மீட்டர் எண்ணைக் குறித்து வைப்பதுபோல
கடல் கடந்த ஒரு விமானப்படைத் தளத்தில்
வேற்று மொழியில் எழுதிக் கோத்தது.
முகப்புரையில் மூன்று மக்களின் பெயர் இருக்கிறது.
பக்கத்தில் ஓர் அடைப்புக்குறி. அதற்குள்:
மற்றவர்களுடன் சேர்த்து.

நான் வசிப்பது அங்கேதான்.

எனக்கு ஒன்பது வயதில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு.
வந்தவர் வாசலில் நின்று "இனம்?" என்றார்.
"ட்ராம் ஓட்டுநர்" என்றார் அப்பா.
பேனா காற்றில் நின்றது.
அம்மா அடுப்படியிலிருந்து கத்தினாள்:
"மற்றவர் என்று போடுங்கள், சூப் ஆறுகிறது."

என் பெயர் துன்யா. சீமைமாதுளம்பழம்.
எந்தத் தொழுகைக்கும் எந்த ஞானஸ்நானத்துக்கும்
கணக்குச் சொல்லாத பழம்.
குடும்பப் பெயர் கோவாச். கொல்லன்.
குதிரை எந்தச் சாமியைக் கும்பிட்டால் என்ன, லாடம் ஒன்றுதான்.
பெயரைக் கேட்டவர்கள் ஒரு கணம் தடுமாறி
"அப்பா பெயர்?" என்பார்கள்.
ஸ்லாட்கோ என்பேன்.
அதிலும் பிடி கிடைக்காது. பாவம், தலையைச் சொறிவார்கள்.

நான்கு அம்சங்களையும் ஒப்பித்தேன்:
கூட்டணி, விகிதாசாரம், தன்னாட்சி, தடுப்புரிமை.
மூன்று தலைவர்கள், எட்டு மாதத்துக்கு ஒரு முறை
நாற்காலி மாற்றம்.
என் பெஞ்சுக்காரன் தாரியோ
புள்ளியியலில் மூன்று முறை தவறியவன்.
சட்டப்படி அவன் அந்த நாற்காலிக்குப் போட்டியிடலாம்.
அவனுக்கு ஃபார்முலா எழுதிக்கொடுக்கும் நான் முடியாது.
இதைச் சொல்லவில்லை. சீட்டில் கேட்கவில்லை.

"அந்த மற்றவர்கள்?" என்றார் மெவ்லிதா, திடீரென்று,
வாயில் கொட்டையோடு.
"பதினேழாம் சீட்டில் அவர்கள் வரவில்லை, மேடம்."
சிரிப்பார் என்று நினைத்தேன்.
கொட்டையைத் தட்டில் வைத்தார். வெகுநேரம் வைத்தார்.
பிறகு மதிப்பெண் புத்தகத்தை இழுத்து
ஒன்பது போட்டார்.
பத்து ஏன் இல்லை என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை,
ஏன் என்று சொல்ல அவருக்கும்.
செர்ரிப் பையை மட்டும் என் பக்கம் தள்ளினார்.

தாரியோ தாழ்வாரத்தில் பிடித்துக்கொண்டான்.
"என்ன வந்தது?"
"பெல்ஜியம்."
"அதிர்ஷ்டக்காரி."

மூன்றாம் எண் ட்ராம் வந்தது. ஓட்டியது அப்பா இல்லை.
நிற்க மட்டும் இடம். கம்பியில் சாய்ந்து
மதிப்பெண் புத்தகத்தைத் திறந்தேன், மை காய்ந்ததா பார்க்க.
முதல் பக்கத்தில் நான் இருந்தேன்,
இங்கே எல்லாப் படிவத்திலும் எல்லாரையும் எழுதும் முறையில்,
தகப்பன் பெயரை நடுவில் வைத்து:
துன்யா (ஸ்லாட்கோ) கோவாச்.

அட, நீயும் உள்ளேதானா, அப்பா.
கொஞ்சம் நகர்ந்து உட்கார்.
செர்ரி இருக்கிறது.