இருபத்தேழு ரூபாய்

கூழ் ஆலையில் பெங்களூரா சீசன்.
எடைமேடை திம்மராயன் நீட்டும் சீட்டிலெல்லாம்
மாம்பால் பிசுக்கு.

கணக்கு இருபத்தேழு ரூபாய் உதைத்தது.
"விடுங்க மேடம், நானே போட்டுடறேன்."

வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால்
எங்கோ இரண்டு எண்கள்
இடம் மாறியிருக்கும்.
படித்ததில் வேலைக்கு உதவிய ஒரே வரி.

ஒன்பதரைக்கு அகப்பட்டது:
63-ஐ 36 என்று எழுதியிருந்தேன்,
நானேதான்.

கடைசி பஸ்.
கந்திகுப்பம் தாண்டியதும் விளக்கை அணைத்தார்கள்.
பகலெல்லாம் திறக்காத ரிசல்ட்டைத் திறந்தேன்.
ஆடிட்டிங் 36.
வேண்டியது நாற்பது.

திருப்பிப் போட்டுப் பார்த்தேன்.
ம்ஹும்.
இதை எழுதியவருக்குக் கை தவறவில்லை.

செப்டம்பருக்குப் பணம் கட்டும் பொத்தானை
இரண்டு தடவை அழுத்தியும்
திரை ஏற்கவில்லை.
விரலில் மாம்பால்.

சுடிதாரில் துடைத்துக்கொண்டேன்.