நிகர எடை

பர்கூருக்குத் தெற்கே, குவாரி எடைமேடையில்
இரவுப் பணி எனக்கு.
பாறை வரும். எடை பார்ப்பேன்.
சீட்டு கிழித்துக் கொடுப்பேன்.

நேற்று ஒன்றேகால் மணிக்கு
மழை விட்ட கையோடு
மேடையில் லாரி இல்லை, நாய்கூட இல்லை,
திரையில் நாற்பது கிலோ.

டார்ச் அடித்துப் பார்த்தேன்.
குன்றிலிருந்து இறங்கிய செஞ்சேறு
இரும்புத் தகட்டில் விரல் விரித்துப் படுத்திருந்தது.
உள்ளே மினுக்கும் காக்காப்பொன்,
நறநறக்கும் மணல்,
ஒரு காலத்தில் பாறையாய் இருந்ததன் மாவு.

மலையைத் தின்பது தஸ்தகீரின் லாரிதான் என்கிறார்கள்.
பொய்யில்லை. நடைக்கு இருபத்தெட்டு டன்.
ஆனால் லாரிக்குச் சாலை போடுமுன்பே
இங்கே வேலை நடந்துகொண்டிருக்கிறது.
சித்திரை வெயிலில் புடைத்து
பின்னிரவில் சுருங்கி
அப்பளம்போல் பொருக்கெழும்புகிறது கல்.
விரிசலுக்குள் இச்சி வேர் நூல்விட்டுப் பார்க்கிறது.
கல்பாசி தேமல்போல் படர்ந்து
வருஷத்துக்கு மயிரிழையில் பாதி கரைக்கிறது.
கூலி இல்லை. பர்மிட் இல்லை. ஞாயிறு லீவும் இல்லை.

ஏற்றுமதிக்கு ஆகாதென்று
மேஸ்திரி திம்மராயன் சுண்ணாம்பில் பெருக்கல்குறி போடுகிற கல்லெல்லாம்
மழை ஏற்கெனவே கைவைத்தவை.
துருக்கறை ஓடிய கல்லை எவன் வாங்குவான்?
மழை வாங்கும்.
தவணையில் எடுத்துப்போகும்.

வைகாசியில் ஏரி தூர்வாரினார்கள்.
மாந்தோப்புகளுக்குப் போகிற வண்டல்
டிராக்டர் டிராக்டராக மேடை ஏறியது.
மூன்று டன் இருநூறு. மூன்று டன் நூற்றெண்பது.
சீட்டில் 'மண்' என்று எழுதும்போது பேனா நின்றது.
இதே சரக்குதான்.
இந்தக் குன்றுதான்.
சுற்றுவழியில் வந்திருக்கிறது,
எத்தனை ஆயிரம் வருஷமோ, பில் இல்லாமல்.

அந்த ஞாபகத்தில் நேற்று ஒரு சீட்டு போட்டேன்.
வண்டி எண்: கோடு.
சரக்கு: மலை.
நிகர எடை: நாற்பது.
ஓட்டுநர் கையொப்பமிடும் இடத்தில்
கூரையிலிருந்து ஒரு சொட்டு விழுந்து
மை கலைந்தது. செல்லாது, தெரியும்.

விடிந்தால் மேனேஜர் திட்டுவார்.
விதி இதுதான்: துடை, பூஜ்யத்துக்குக் கொண்டுவா.
துடைப்பம் எடுத்தேன்.
தள்ளத் தள்ள சேறு
கால்வாயில் விழுந்து ஏரிப்பக்கம் ஓடியது,
மழை என்னையும் ஆளாகச் சேர்த்துக்கொண்டதுபோல.

வெளித்திரையில் நூறு, எண்பது, எழுபது.
அறுபதில் நின்றுவிட்டது.
எவ்வளவு தேய்த்தும் அறுபது.

பிறகுதான் உறைத்தது,
மேடைமேல் நிற்கிறேன்.

இறங்கினேன். பூஜ்யம்.
மறுபடி தூறல்.