கூட்டக் குறிப்பில் சேராதவை

மாணவர் ஒன்றியத்தின் நீல மட்டைக் கொப்பியில்
நான்தான் குறிப்பெழுதுகிறவள்.
பன்னிரண்டு கோரிக்கைகள், ஏகமனதாக.
விடுதித் தண்ணீர், உதவிப் பணம்,
இடைநிறுத்திய நாலு பேர்.
திங்கள் முதல் பகிஷ்கரிப்பு.
நிருவாகம் விடுதிகளை மூடினால்
எல்லாரும் வீட்டுக்குப் போய்விடுவது.
முன்மொழிந்தவர் தனுக்க. வழிமொழிந்தவர் பஸ்மிலா.

பேனையை மூடும்போது
வாசலில் குடை சொட்டச் சொட்ட நின்றவள் கேட்டாள்:
"எல்லாரும் என்றால்?"

சிக்கோண்டி. மலாவி நாடு. மிருக வைத்தியம், இரண்டாம் வருடம்.
ஹந்தானை ஏறி இறங்கிய முதல் கிழமை
காலில் அட்டை கடித்துக் கத்தினவள்.
அவளுக்குப் பின்னால் படியில்
நேபாளப் பிள்ளைகள் மூன்று பேர்,
போன் சார்ஜரோடு ஒரு மாலைதீவுக்காரன்.
வெளிநாட்டு மாணவர் செயலாளர் என்று
ஒன்றியத்தில் ஒரு பதவி இருக்கிறது,
வரவேற்பு நாளில் பூங்கொத்துக் கொடுக்க.
அதுவும் நான்தான்.

நாலு மணிக்குள் வெளியேறும்படி அறிவித்தல் வந்தது.
கலஹா சந்தியில் பஸ் பஸ்ஸாக ஏறிப்போனார்கள்
வீடு உள்ளவர்கள்.
பத்தொன்பது பேர் ஒன்றிய அறையில் மிஞ்சினார்கள்.
பதாகைக்கு வாங்கிய சிவப்புத் துணியை விரித்தோம்.
'வெல்வோம்' என்ற எழுத்தின் மேல்
யாரோ குறட்டை விட்டான்.

பஸ்மிலாவின் வாப்பா கட்டுகஸ்தோட்டையிலிருந்து
முச்சக்கர வண்டியில் சோறு கொண்டுவந்தார்.
கண்டி மார்க்கெட் முழுக்கச் சோளமா தேடினோம்,
மஞ்சள்தான் கிடைத்தது.
கிண்டி, ஊதி, வாயில் வைத்து
"இது அது இல்லை" என்றாள் சிக்கோண்டி.
இரண்டாம் தரமும் போட்டுக்கொண்டாள்.

வியாழக்கிழமைதான் தெரிந்தது,
பதினாலாம் திகதியோடு அவள் விசா முடிகிறது.
பதிவாளரின் கடிதம் வேண்டும்.
பதிவாளரின் வாசலை மறித்துக்
குந்தியிருப்பது நாங்கள்.

தனுக்க தலையைச் சொறிந்தான்.
மெகாபோனை என் கையில் திணித்துவிட்டுப் போய்
ஒரே ஒரு லிகிதரை உள்ளே விடும்படி
தன் ஆட்களிடமே கெஞ்சினான்.
கோஷம் ஏழு நிமிடம் நின்றது.
முத்திரை குத்தும் சத்தம் வாசல்வரை கேட்டது.
எவனோ கைதட்ட, தனுக்க முறைத்தான்.

படிவத்தில் 'இலங்கை முகவரி' என்றொரு கட்டம்.
விடுதிக்குப் பூட்டு. ஒன்றிய அறையை ஏற்கமாட்டார்கள்.
நான் எழுதினேன்:
இல. 9, மேற்பிரிவு லயம், பொகவந்தலாவை.

எட்டு நாள் கழித்து அம்மா எடுத்தாள்,
சிக்னல் விட்டு விட்டு.
"குடிவரவு ஆபீசுன்னு கடுதாசி வந்திருக்கு.
ஒடைக்கல. அரிசி டின்னுக்குள்ள வச்சிருக்கேன்.
ஏன் புள்ள,
நம்மள அனுப்பப் போறாங்களா?"

அம்மாவுக்கு எட்டு வயதாக இருக்கையில்
பக்கத்துக் காம்பரா ஒரே விடியலில் காலியானது.
தலைமன்னாரில் கப்பல் என்றார்களாம்.
விட்டுப்போன கோழி
நாலு நாள் பூட்டின கதவைக் கொத்தியதாம்.
எனக்கு அது கேட்ட கதை.
அவளுக்கு, ஒரு கடித உறை.

சிக்கோண்டி போனை வாங்கித்
தனக்குத் தெரிந்த தமிழ் முழுவதையும் செலவழித்தாள்:
"அம்மா, பயம் இல்லை. அது நான்."

தம்பி உடைத்து எழுத்துக்கூட்டினான்.
இரண்டு புகைப்படம் அனுப்பவும்.
காதுகள் தெரியவேண்டும்.

அடுத்த கூட்டத்தில் குறிப்பை வாசித்தேன்.
'எல்லாரும் வீட்டுக்கு' என்பதை வெட்டு என்றான் தனுக்க.
வெட்டவில்லை.
ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டேன்.
இதர விடயங்கள்:
சோளமா, வெள்ளை. இன்னும் தேடப்படுகிறது.